ஒண்ணு ரெண்டு அடிச்சுக்கோங்க

என் அக்கா பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவள். அவள் இதுவரை கலக்கியதை எல்லாம் ஒன்றாக ஊற்றினால் நிலாவுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு கோட் அடித்துவிட்டு, மிச்சத்தில் சூரியனின் ஜன்னல் கம்பிகளுக்கும் ஒரு கை பார்க்கலாம். ஊரில் பாதி வீடு அவள் கலக்கிய கலரில்தான் நிற்கிறது. மீதிப் பாதி எப்போது அடிப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது.

அவள் வீட்டுச் சுவர் மட்டும் ஒருநாளும் அவள் கலரில் இருந்ததில்லை. பிறந்ததே வாடகை வீட்டில். அந்த வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிப் பச்சை பிடிக்கும். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் தானாகக் குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அடுத்த வீடு காபித்தூள் கலர். அங்கே கரப்பான்பூச்சி சுவரில் நின்றால் தெரியாது, நடந்தால்தான் தெரியும். இப்படியே வீடு மாறி வீடு மாறி, ஊரில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களின் ரசனையையும் அக்கா அனுபவித்துவிட்டாள்.

கடையில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. "நல்லா இருக்குன்னு சொல்றவங்க வாங்க மாட்டாங்கடா. கலர் அட்டையப் பாப்பாங்க, நல்லா இருக்கும்பாங்க, போயிருவாங்க. வாங்குறவன்தான் குறை சொல்லுவான். கொஞ்சம் தூக்கலா இருக்கு, கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்குன்னு நம்ம உயிர எடுப்பான் பாரு, அவன் வாங்கிட்டுத்தான் போவான்."

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்கு என்று சொன்னவர்கள்தான். சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். நாற்பது தாண்டிய பிறகு மச்சான் வந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். பெண் பார்க்க வரவில்லை, பெயிண்ட் வாங்க வந்தார்.

"சிவப்பு வேணும்."

"எந்தச் சிவப்பு?"

"பஸ் சிவப்பு."

"எந்த பஸ்ஸு?"

மச்சான் வாசலைக் காட்டினார். பஸ்ஸையே ஓட்டிக்கொண்டு வந்து கடை முன்னால் நிறுத்தியிருந்தார். அக்கா கலக்கிக் கொடுத்தாள். இது இல்லை என்று திரும்பி வந்தார். மறுபடி கலக்கிக் கொடுத்தாள். இதுவும் இல்லை என்று மறுபடியும் வந்தார். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்த மனிதர் வாங்கப் போகிறார் என்று.

மச்சான் நல்ல மனிதர். ஒரே குறை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். தெருவில் தீப்பிடித்தால்கூட "தீ" என்பார். எங்கே என்று நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அவருக்கு முதல் மனைவி மூலம் ஒரு மகள். அம்மா இறந்துபோனதிலிருந்து அவள் வெளியூரில் அத்தை வீட்டில் வளர்கிறாள். பதினாலு வயசு. கல்யாணத்துக்கு வந்தாள், போட்டோவில் ஓரமாக நின்றாள், போய்விட்டாள். அக்காவை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போன் செய்தால் "அப்பா இருக்காரா?" என்பாள். அக்கா போனைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பாள், கழுவின தட்டையே கழுவிக்கொண்டு.

அவளைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளவும் இடம் கிடையாது. அக்காவின் வீடு ஒற்றை அறை. ஒருவர் குனிந்து செருப்பு மாட்ட வேண்டும் என்றால் இன்னொருவர் தெருவுக்குப் போக வேண்டும். அதனால்தான் இந்தக் கோடை லீவுக்கு ஏரிக்கரையில் ஒரு குட்டி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். இரண்டு படுக்கையறை. ஒன்று அவளுக்கு.

மச்சான் அத்தை வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வந்தார்.

"வர்றாளாம்."

"எத்தன நாளைக்கு?" என்றாள் அக்கா.

"பாக்கணுமாம்."

"என்னத்தப் பாக்கணுமாம்? முழுசாச் சொல்லுங்களேன்."

"புடிச்சிருந்தா லீவு பூரா. இல்லேன்னா மறுநாள் பஸ்ஸு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் சாமான் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன். அவளுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்றால் வண்டியைப் பார்ப்பாள், அதற்குள் நான் இருப்பேன்.

"இந்த லீவு மட்டும் இருந்துட்டான்னா ரெண்டு ரூம் வீடா பாத்துரலாம்டா. அப்புறம் அவ நம்மகூடத்தான். அந்த ரூம நல்லாப் பண்ணணும்."

ஏரிக்கரை வீட்டின் சின்ன அறை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். சுவர், ஹாலைப் போலவே, செய்தித்தாளை நனைத்துக் காயவைத்த கலர். கட்டில், உட்கார்ந்தால் பேசும், படுத்தால் திட்டும். அலமாரிக் கதவு, யாராவது தும்மினால் திறந்துகொள்ளும். ஜன்னலில் பாதி ஏரியும், மீதிப் பாதியில் பக்கத்து வீட்டுக்காரரின் உள்பனியனும் தெரியும்.

"இந்தச் சுவத்துக்குள்ள எந்தப் புள்ள இருக்கும்? கலர் அடிச்சாத்தான் ஆச்சு," என்றாள் அக்கா. "வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க."

இதை மச்சானிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வார்த்தை என்றால் ஒரு வார்த்தைதான் கேட்பார். என் பக்கத்தில் நின்றுதான் போன் செய்தார். வீட்டுக்காரம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் வேண்டாம், போனே வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் போதும்.

"சின்ன ரூம்ல அடிச்சுக்கலாமாம்மா?"

"என்னது?"

"சுவத்துல. அடிச்சுக்கலாமா?"

"ஓ, அதுவா! அடிச்சுக்கோங்க. ஆனா ஒண்ணு ரெண்டு போதும். நிறைய வேண்டாம், சுவரு பாழாப் போயிரும்."

"சரிம்மா. ஒண்ணு ரெண்டுதான்."

"காலி பண்றப்ப அடையாளம் தெரியக் கூடாது, சொல்லிட்டேன்."

அக்காவுக்கு அந்த அம்மா மேல் மரியாதையே வந்துவிட்டது. "பரவால்லையே, விவரமான ஆளா இருக்கே! மூணு நாலு கோட்டுன்னு அடிச்சா உரிஞ்சு வரும்னு தெரிஞ்சு வச்சிருக்கு."

"அடையாளம் தெரியக் கூடாதுன்னா?" என்றேன்.

"தரையில சொட்டக் கூடாதுங்குதுடா."

அடுத்து, என்ன கலர்?

"பாப்பாவுக்கு என்ன கலர் புடிக்கும்?" என்று மச்சானைக் கேட்டாள்.

மச்சான் ரொம்ப நேரம் யோசித்தார். "நல்ல கலர்," என்றார்.

அக்கா தானே அத்தை வீட்டுக்குப் போன் போட்டாள். அத்தை யோசிக்கவே இல்லை. "நீலம்தான். வேற என்ன?"

கடையில் நாலு நாள் உட்கார்ந்து அக்கா ஒரு நீலம் கலக்கினாள். கலர் அட்டையில் 'ஏரி விடியல்' என்று ஒன்று இருந்தது. அதில் கொஞ்சம் வெள்ளையைக் கூட்டி, அதற்கு மேல் என்னவோ செய்தாள். "விடியக்காலையில எவன் எந்திரிச்சு ஏரியப் பாத்தான்? இது மத்தியான ஏரி," என்றாள்.

இரண்டு கோட் அடித்தோம். நான் ரோலர் பிடித்தேன். சுவருக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. முடிக்கும்போது என் தலை, புருவம், ஒரு காது எல்லாம் நீலம். மச்சான் கட்டிலின் வாயை அடைக்க கிரீஸ் போட்டார். கட்டில் பேசுவதை நிறுத்தியது, பஸ் டிப்போ மாதிரி மணக்க ஆரம்பித்தது. அலமாரிக் கதவுக்குப் பழைய பஸ்ஸின் தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினார். அதற்கப்புறம் அதைத் திறக்க இரண்டு கையும் ஒரு காலும் தேவைப்பட்டன. அக்கா வெள்ளையில் திரை தைத்து மாட்டினாள். வீட்டிலிருந்து கண்ணாடி கொண்டுவந்து, சுவரில் ஏற்கெனவே இருந்த ஒரு கொக்கியில் தொங்கவிட்டாள். பிரம்பு நாற்காலி, அதில் ஒரு மெத்தை, தலைமாட்டில் ஒரு விளக்கு. எல்லாம் முடிந்ததும் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், யாரோ வேறு வீட்டைப் பார்ப்பது போல.

மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை. உள்ளே தங்கக் கட்டி இருப்பது போல அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வாங்க மகாராணி," என்றேன்.

என் காதைப் பார்த்தாள். "நீங்கதான் வேன் மாமாவா? ஏன் ஒரு காது மட்டும் நீலமா இருக்கு?"

என்னைப் பார்த்ததும் மாமா! அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் இன்னொரு காதும் நிறம் மாறியிருக்கும்.

அறை வாசலில் நின்று அவள் உள்ளே பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள்.

பையைத் திறக்கவில்லை. கதவோரமாக வைத்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் வைப்பது போல.

அடுப்படிக்கு வந்து அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "போச்சுடா."

"ஏன்? நல்லா இருக்குன்னுதானே சொன்னா?"

"அதான் சொல்றேன், போச்சு."

மறுநாள் காலையில் மகள் தலைவாரி, செருப்பு மாட்டி ரெடியாக இருந்தாள். அப்பாவிடம் பஸ் எப்போது என்று கேட்டாள். மச்சான் "வரும்" என்றார். அந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா வந்தார், கையில் ஒரு கொசுவலையோடு. "சின்ன ரூம்ல கொசு அதிகம், குடுத்துட்டுப் போலாம்னு..." என்று சொல்லிக்கொண்டே அந்த அறைக்குள் போனார். பிறகு சத்தமே இல்லை. அந்த அம்மாவிடமிருந்து சத்தம் இல்லாதது இடி விழுந்த மாதிரி இருந்தது.

"என்ன இது?"

"எது?" என்றார் மச்சான்.

"சுவரு!"

"ஆமா."

"யாரக் கேட்டு அடிச்சீங்க?"

"உங்களத்தான்."

"நான் எங்கய்யா அடிக்கச் சொன்னேன்?"

"ஒண்ணு ரெண்டு அடிச்சுக்கோங்கன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றாள் அக்கா. "நாங்க ரெண்டே கோட்டுதாம்மா அடிச்சோம். சத்தியமா மூணாவது அடிக்கல."

"ஐயோ, நான் ஆணியச் சொன்னேன்! ஆணி! படம் கிடம் மாட்டுறதுக்கு ஒண்ணு ரெண்டு ஆணி அடிச்சுக்கோங்கன்னேன். இந்த மனுஷன் பெயிண்டுன்னு ஒரு வார்த்த சொன்னா என்னவாம்?"

எல்லாரும் மச்சானைப் பார்த்தோம். மச்சான் தரையைப் பார்த்தார். "நீங்களும் ஆணின்னு சொல்லல," என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

நான் குறுக்கே புகுந்தேன். "விடுங்கம்மா, அடிச்சுக்கோங்கன்னு நீங்க சொன்னதக் கேட்டு, இவங்க புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்காம விட்டாங்களே, அதுக்குச் சந்தோஷப்படுங்க."

பின்னால் 'களுக்' என்று ஒரு சத்தம். திரும்பினால், மகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை. "போட்டோ பாத்து, லீவு முடிஞ்சதும் வர்றதுக்கு ஆளு சொல்லி வச்சாச்சு. சாவி குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அதே மாதிரி வேணும். நாளைக்குச் சாயங்காலம் வந்து பாப்பேன். மாத்தலேன்னா நீங்க வேற இடம் பாத்துக்கோங்க." கொசுவலையை மட்டும் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போனார். கோபத்திலும் நியாயமான அம்மாதான்.

அக்கா ஒரு நிமிஷம் சுவரைப் பார்த்தாள். பிறகு மகளிடம், "இனிமே இங்க தூசியும் நாத்தமுமாத்தான் இருக்கும்மா. மாமா பெயிண்ட் வாங்கப் போறான். பஸ் ஸ்டாண்டு கடைக்கு எதுத்தாப்லதான். நீ போறதுன்னா வேன்லயே கொண்டு விட்டுருவான்," என்றாள். சொல்லிவிட்டு அந்தத் திரையைக் கழற்ற ஆரம்பித்தாள். மகள் பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள்.

வழியெல்லாம் நான் பேசினேன். எனக்குத் தெரிந்த ஜோக் எல்லாம் தீர்ந்து, தெரியாததையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். "நீ உக்காரும்மா, வாங்கிட்டு வந்து ஏத்தி விடுறேன்," என்று கடைக்குள் ஓடினேன்.

"வெள்ளை குடுங்க," என்றேன்.

"எந்த வெள்ளை?" என்றார் கடைக்காரர்.

"வெள்ளை வெள்ளைதான்."

"மாமா!" பின்னால் அவள். தோளில் பையோடு நின்றாள். "அது வெள்ளையே இல்ல மாமா. ஹால்ல பாக்கலியா? பால்ல டீ ரெண்டு சொட்டு விழுந்த மாதிரி இருக்கும். இதக் கொண்டு போனா அவங்க மறுபடி மொதல்லேர்ந்து அடிக்கணும்."

"அதுக்குப் பேரு என்ன?" என்றார் கடைக்காரர்.

"தெரியாது. வெள்ளையும், கலக்குறதுக்கு மஞ்சள், கறுப்பு கொஞ்சம் கொஞ்சமும் குடுங்க. அவங்களே கலக்கிருவாங்க. அவங்களுக்கு அதான் வேலை."

பஸ் ஹாரன் அடித்தது. அவள் டப்பா மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம் அது ஒன்றுதான். பஸ் கிளம்பிப் போனது. அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

நாங்கள் திரும்பி வந்ததைப் பார்த்ததும் அக்கா வாளியைக் கழுவி எடுத்துவந்து கலக்க உட்கார்ந்தாள். கடையில் மெஷின் உண்டு. இங்கே குச்சிதான். கொஞ்சம் மஞ்சள் விட்டுக் கலக்கி, அட்டையில் தடவிக் காட்டினாள்.

"ரொம்ப மஞ்சளா இருக்கு," என்றாள் மகள்.

அக்காவின் கை ஒரு நொடி நின்றது. கறுப்பு ஒரு சொட்டு விட்டாள்.

"இப்ப சாம்பல் மாதிரி ஆயிருச்சு."

"இது?"

"இது சரி. ஆனா புதுசா இருக்கு. ஹால்ல பழசால்ல இருக்கு."

"பழசக் கலக்க நான் எங்க போவேன்?" என்றாள் அக்கா. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரிசு விழுந்தவள் மாதிரி இருந்தாள்.

ஒரு கோட் அடித்தோம். நீலம் உள்ளேயிருந்து பேய் மாதிரி எட்டிப் பார்த்தது. இன்னொரு ரோலரை எடுத்துக்கொண்டு மகளும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். "இங்க விட்டுட்டீங்க பாருங்க."

"அந்த நீலத்த மூடவே மனசு வரல," என்றேன் நான், அக்காவுக்காக.

"எனக்கு நீலமே புடிக்காது மாமா. அத்தைக்குத்தான் புடிக்கும். அத்தை வீட்டுல வாளி நீலம், சோப்பு டப்பா நீலம், நாய் கழுத்துப் பட்டைகூட நீலம்."

அக்கா ரோலரைக் கீழே வைத்தாள். "அப்புறம் எதுக்கு நல்லா இருக்குன்னு சொன்ன?"

"அடிச்சு முடிச்சிட்டீங்க. வேற என்ன சொல்றது?"

"இப்ப சொல்லு. வேற என்ன புடிக்கல?"

மகள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். திரை குட்டையாக இருக்கிறது, தண்ணீரில் சுருங்கிய பேண்ட் மாதிரி. கண்ணாடியில் அவள் தலை மட்டும் தெரிகிறது, மேல் பாதி தலை. கட்டிலில் படுத்தால் பஸ்ஸில் படுத்த மாதிரி இருக்கிறது, கனவில் யாரோ டிக்கெட் கேட்கிறார்கள். அலமாரியை ராத்திரி திறக்கப் பார்த்து நகம் உடைந்துவிட்டது.

"தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள்," என்றார் மச்சான்.

அக்கா கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். ஏணியைப் பிடிக்கிற சாக்கில் என் பக்கம் வந்து காதோடு சொன்னாள்: "வாங்கப் போறாடா."

நான் சும்மா இருப்பேனா? சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "ஏம்மா, என்னை மாமான்னு கூப்புடுறியே, நான் யாரோட தம்பி?"

"அவங்களோட."

"அவங்கன்னா? மாமாவோட அக்கா உனக்கு என்ன முறை? கணக்குப் போட்டுச் சொல்லு பாப்போம்."

"மாமா, உங்க இன்னொரு காதுல வெள்ளை ஒட்டியிருக்கு," என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம், கடைசி மூலையில் அக்கா ரோலரை உருட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரம்மா வந்தார். வாசலில் மகள்தான் நின்றாள். உள்ளே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"உங்க வீட்டுல பெரியவங்க இல்லையாம்மா?"

"சித்தி உள்ள இருக்காங்க. கையெல்லாம் பெயிண்ட்டு. நீங்களே வந்து பாருங்க."

அக்கா அடித்த இடத்திலேயே ரோலரை மறுபடி உருட்டினாள். மறுபடியும் உருட்டினாள்.

"அங்க அடிச்சாச்சுக்கா," என்றேன்.

"தெரியும்," என்றாள். இன்னொரு தடவை உருட்டினாள்.

வீட்டுக்காரம்மா நாலு சுவரையும் பார்த்தார். ஹாலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார். தரையில் குனிந்துகூடப் பார்த்தார்.

"அந்த மூலை கொஞ்சம் வெளுப்பா இருக்கே," என்றார்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குறை சொல்லிவிட்டார். முடிந்தது வேலை.

"காஞ்சா சேந்துக்கும்மா," என்றாள் அக்கா.

"சேந்தாச் சரி. லீவு முடியுற வரைக்கும் இருந்துக்கோங்க. ஆனா இனிமே எது கேக்குறதா இருந்தாலும் இந்த மனுஷன் கேக்கக் கூடாது."

"ஆன்ட்டி," என்றாள் மகள். "ஒண்ணு ரெண்டு அடிச்சுக்கலாம்னு சொன்னீங்களே, அது இன்னும் இருக்கா?"

வீட்டுக்காரம்மா சந்தேகமாகப் பார்த்தார். "எது?"

"ஆணி. ஆணி மட்டும்தான். படம் மாட்டுற ஆணி."

"ஒண்ணு."

"ரெண்டுன்னீங்க."

வீட்டுக்காரம்மா இப்போது சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு."

நான் வேனிலிருந்து சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்தேன். மச்சான் வாங்கிக்கொண்டு, "எங்க?" என்றார். முதல் ஆணி கண்ணாடிக்கு, அவள் உயரத்துக்கு. இரண்டாவதை எங்கே என்று அவள் விரல் வைத்துக் காட்டினாள், கதவுக்குப் பின்னால்.

அடித்து முடித்ததும் கதவோரம் இருந்த பையை எடுத்து, கட்டில் மேல் அப்படியே கவிழ்த்தாள். துணி, சீப்பு, ஒற்றைக் காலுறை எல்லாம் கொட்டியது. பையை உதறினாள். காலியான பையை அந்த ஆணியில் மாட்டினாள். இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"நல்லா இருக்கா?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் கோணலா இருக்கு," என்றாள்.